நாற்பத்தொன்று இறங்கிய வயல்

"அக்கா, நாப்பத்தொண்ணு வந்துடுச்சு! உடனே கெளம்பி வாங்க" என்று நிவேதா போனில் கத்தியபோது நான் கோயம்புத்தூரில் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. சட்னியைத் தாளிக்காமலே பரணிலிருந்து பையை இறக்கினேன். வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, "ஊர்ல இருந்து யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். "வந்திருக்காங்க. எந்த ஊர்ல இருந்துன்னு தெரியல. அதக் கேட்டுட்டு வரத்தான் போறேன்" என்றேன். அவர் வெறும் இட்லியைச் சாப்பிட்டார், பாவம்.

நாற்பத்தொன்று என்பது ஒரு பொரி உள்ளான். உள்ளங்கையில் அடங்கும் பறவை. நீண்ட கால், நேரான அலகு, முதுகெல்லாம் பொரியைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நம் சேற்று வயல்களுக்கு வரும், வெயில் ஏறியதும் போய்விடும். எங்கே போகிறது என்பதுதான் நிவேதாவின் ஆராய்ச்சி. போன மாசியில் நானும் அவளும் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து வயல் ஒன்றில் பன்னிரண்டு உள்ளான்களைப் பிடித்து, ஒரு காலில் எண் பொறித்த அலுமினிய வளையமும், இன்னொரு காலில் மஞ்சள் பட்டையும் மாட்டினோம். பட்டையோடு ஒட்டியபடி ஒரு கருவி. பட்டாணி அளவுகூட இருக்காது. வெளிச்சம் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று குறித்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. பகல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் பறவை பூமியில் எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கருவி யாருக்கும் செய்தி அனுப்பாது. பறவையை மறுபடியும் பிடித்துக் கழற்றினால்தான் உண்டு. பன்னிரண்டு போனதில் திரும்பி வந்து கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. நிவேதாவுக்கு இது கடைசி வருடம். ஒரு கருவியாவது கையில் வராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். ஐந்து வருடம் சேற்றில் நின்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருபத்தாறு வருடம் நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சிக்கெடுத்துப் பழகிய கை. பறவை பிடிக்கும் வலை தலைமுடி மாதிரி மெல்லியது; அதில் மாட்டிய பறவையை இறகு ஒடியாமல் எடுப்பதற்கு டிகிரி தேவையில்லை, பொறுமை வேண்டும். மற்ற விஷயங்களில் எனக்குப் பொறுமை கிடையாது என்பதை வீட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

கும்பகோணத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் காப்பி. நிவேதா அங்கேதான் அறை எடுத்திருக்கிறாள். கோவையில் நாங்கள் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வோம். இங்கே அந்தப் பெருமையெல்லாம் டபராவுக்குள் போய்விடுகிறது. இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு வாசனை. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. முதல் வாயில் சந்தேகப்பட்டேன், இரண்டாவது தடவை நானே கேட்டு வாங்கினேன். என் கையிலிருந்த நீளக் குடையையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்துவிட்டுப் பரிமாறியவர், "டீச்சருக்கு இன்னொரு கரண்டி ஊத்து" என்றார். அன்றிலிருந்து ஊர் திரும்புகிற வரைக்கும் டெல்டா முழுக்க நான் டீச்சர். மறுத்துப் பார்த்தேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை, வயலுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேர் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். "எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு." "ஒங்களுக்கு வரலேங்கிறீங்க, எங்களுக்கு வடியலேங்கிறோம். அந்த ஆண்டவன் யாருக்குன்னு பாப்பான்?" எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் புகைதான் வரும். இங்கே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீரில் வானம் தெரிகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது.

வயல் செல்வமணியுடையது. உடையது என்றால் குத்தகை. அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள். இவர் டிப்ளமோ படித்து, கத்தாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து, மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். மனைவி கலா மன்னார்குடியில் மருந்துக்கடையில் மருந்தாளுநர். குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பயிர் விரற்கடை உயரம், நடுவே மெல்லிய தண்ணீர். வடகிழக்கு மூலைத் துண்டில் நாற்பது உள்ளான்களாவது மேய்ந்துகொண்டிருந்தன.

நிவேதா தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தாள். வரப்போரமாக ஒன்று வாலை ஆட்டி ஆட்டி நடந்தது. இடது காலில் மஞ்சள் பட்டை. கறுப்பு எழுத்தில் நான்கு, ஒன்று. போன வருடம் இதே துண்டில், இதே வரப்புக்குப் பக்கத்தில் விட்ட அதே பறவை. அட ராசா, வழி தெரிந்து வந்துவிட்டாயே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். செல்வமணி எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்தவர், மெதுவாகத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒரு சங்கடம். எலி வெட்டு தாங்கல. இன்னிக்கு விட்டா நாளைக்கு ஒரு மா நெலம் காலியாயிடும். முருகையன் இன்னிக்குத்தான் எங்க ஊருக்கு வந்திருக்காரு. மூணு சாயங்காலம் கிட்டி வெப்பாரு. அப்பறம் அடுத்த ஊருக்குப் போயிடுவாரு, திரும்ப அவரு மொற வர எட்டு நாளாவும்."

எலிக்கிட்டி என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. முருகையனே எடுத்துக் காட்டினார். அறுபது வயதிருக்கும், மெலிந்த ஆள், தோளில் மூங்கில் கிட்டிகளைக் கட்டாகச் சுமந்திருந்தார். வளைத்த மூங்கிலில் நாண். நடுவே பொரியும் மாவும் கலந்த இரை. சாயங்காலம் சேற்றில் வரிசையாக ஊன்றுவார். எலி வாய் வைத்ததும் நாண் தெறித்துக் கழுத்தை நெரித்துவிடும். விடியற்காலையில் வந்து கிட்டிகளை எடுத்து, எலியின் வாலை நறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். வாலைக் காட்டினால்தான் கூலி.

"பறவை மாட்டுமாங்க?" என்று நிவேதா கேட்டாள்.

"எப்பவாச்சும் மாட்டும் பாப்பா. அதுக்கென்ன பண்றது, கிட்டிக்குக் கண்ணா இருக்கு?"

எங்கோ கண்காணாத தேசத்துக்குப் போய்த் திரும்பிய பறவை இந்த மூங்கில் துண்டில் கழுத்து நெரிந்து சாகவா? கிட்டி வைக்கவே கூடாது என்று சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். செல்வமணி காலடியில் வெட்டுப்பட்டுக் கிடந்த நாற்றுகளைக் காட்டினார். ஒரு பாய் அளவுக்கு மொட்டையாக இருந்தது. குத்தகை நெல்லை அவர் அளந்துதானே ஆக வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் பேசி முடித்தது இதுதான்: மற்ற துண்டுகளில் முதலில் கிட்டி, வடகிழக்கு மூலையில் புதன்கிழமை சாயங்காலம்தான். அதுவரைக்கும் அது எங்களுடையது.

உள்ளானைப் பகலில் வலையில் பிடிக்க முடியாது, கண் அவ்வளவு கூர்மை. இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்த முக்கால் மணி நேரம்தான் நமக்கு. விடியற்காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. திங்கள் சாயங்காலம் மூங்கில் நட்டு வலையைக் கட்டி முடித்த நிமிடத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை, கேட்க வேண்டுமா? வலையைச் சுருட்டிக்கொண்டு செல்வமணி வீட்டுக்கு ஓடினோம். கலா தலைதுவட்டத் துண்டைக் கொடுத்து, சுடச்சுட வெங்காய பஜ்ஜி போட்டுத் தந்தார். "ஒரு குருவிக்காகவா டீச்சர் கோயம்புத்தூர்ல இருந்து வந்தீங்க?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஆமாம் என்றேன்.

செவ்வாய் காலை வலையில் ஒரு மீன்கொத்தி மாட்டி என் விரலைக் குத்திக் கிழித்தது. சாயங்காலம் ஆறு உள்ளான்கள். எல்லாம் காலில் எதுவும் இல்லாதவை. நாற்பத்தொன்று வலைக்கு இரண்டு முழம் முன்னால் வரை நடந்து வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்தாற்போலத் திரும்பிப் போனது. "ஏற்கெனவே ஒரு தடவை மாட்டினது இல்லையா, அதுக்குத் தெரியுது அக்கா" என்று நிவேதா சொன்னாள். புதன் காலையும் அதே கதை. புதன் சாயங்காலம் முருகையன் கிட்டிக் கட்டோடு வரப்பில் வந்து நின்றார். சொன்ன சொல் சொன்னதுதான். வலையைக் கழற்றினோம். முழங்கால் சேற்றில் நின்று அவர் ஒவ்வொரு கிட்டியாக ஊன்றுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நிவேதா ரோட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு நாலஞ்சு கம்மியா வைங்களேன்" என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "எலி எந்தப் பக்கம் வரும்னு எனக்கு லெட்டர் போட்டுட்டா வருது டீச்சர்?" என்றார்.

அன்று இரவு அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வியாழன் முதல் பஸ்ஸில் ஏறியும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். கேட் போட்டால் ஊரே நின்றுவிடுகிறது. பூக்காரம்மாவிலிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் வரிசை. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் இறங்கிப் போய் ஒரு டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்கு இறங்கி ஓடலாமா என்றிருந்தது. வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது.

முருகையன் வரப்பில் குந்தியிருந்தார், பக்கத்தில் கிட்டிக் கட்டு. மூலைத் துண்டில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நிவேதா தொலைநோக்கியால் ஒவ்வொரு காலாகப் பார்த்தாள், இரண்டாம் முறையும் பார்த்தாள். மஞ்சள் பட்டை எங்கேயும் இல்லை.

"டீச்சர், இன்னிக்கு ஒரு புண்ணியம் பண்ணேன்" என்று முருகையன் தானாகவே ஆரம்பித்தார். "கிட்டி எடுக்கப் போறேன், ஒண்ணுல ஒரு உள்ளான் படபடன்னு அடிச்சுக்குது. நல்ல காலம், றெக்கை ஓரத்துலதான் நாண் புடிச்சிருந்துச்சு. எடுத்துப் பாத்தா, எவனோ படுபாவி அது ரெண்டு கால்லயும் என்னத்தையோ மாட்டி விட்டிருக்கான். ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் பிளாஸ்டிக். வாயில்லா ஜீவன், எத்தன நாளா தூக்கிக்கிட்டுத் திரியுதோ! ரெண்டையும் நெம்பி எடுத்துட்டுப் பறக்க விட்டேன். ஜிவ்வுன்னு போச்சு."

நிவேதா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாட்களாக நாங்கள் என்ன பறவை என்று சொன்னோம், எத்தனை பிடிக்கிறோம் என்று சொன்னோம். காலில் கருவி இருக்கிறது என்பதைச் செல்வமணியிடம் சொன்னோம், கலாவிடம் சொன்னோம். கிட்டி வைக்கிற மனிதரிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு என் மேல் கோபமாக வருகிறது.

"அதைக் கட்டினது நாங்கதான்" என்றேன். "அந்த பிளாஸ்டிக்... அதை எங்கங்க போட்டீங்க? தண்ணியிலயா?"

முருகையன் என்னைப் பார்த்தார், அழுகிற நிவேதாவைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வயல்லயா? வயல்ல போடுவனா டீச்சர்? நாளைக்குப் பொம்பளைங்க வெறுங்கால்ல களை எடுக்க எறங்குவாங்க. கால்ல குத்திடாது?"

மடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து, வாழையிலைத் துண்டில் கவிழ்த்தார். எலி வால்கள் குவியலாக விழுந்தன. நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருடம் சிக்கெடுத்த கைக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யார் நினைத்தார்கள்? நானும் அவரும் ஒவ்வொரு வாலாக விலக்கினோம். முதலில் வளைந்து நசுங்கிய அலுமினிய வளையம் வந்தது. அப்புறம், இரண்டு வாலுக்கு நடுவே, மஞ்சள் பட்டை. கருவி அதோடு ஒட்டிக்கொண்டே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

நிவேதா எழுந்து ஓடி வந்து முருகையன் கையைப் பிடித்துக்கொண்டாள். எலி ரத்தக் கை. அவர் கூச்சத்தோடு உருவிக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.

மத்தியானம் செல்வமணி வீட்டுக் கூடத்தில் கருவியை லேப்டாப்போடு இணைத்தாள். கலா அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டார். முருகையன் வாசலோடு நின்றார். உள்ளே வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். திரையில் கோடு மேலே ஏறியது, கீழே இறங்கியது. மேலே என்றால் பகல், கீழே என்றால் இரவு. "ஈசிஜி மாதிரில்ல இருக்கு" என்றார் கலா. சித்திரை வரைக்கும் நம் ஊர் மாதிரி சரிபாதி. பிறகு மேடு அகன்றுகொண்டே போனது, பள்ளம் குறுகிக்கொண்டே வந்தது. ஆனி மாதத்தில் கோடு மேலே ஏறியது, இறங்கவே இல்லை.

"இங்க ஏன் இருட்டவே இல்ல?" என்று கலா கேட்டார்.

"அங்க ராத்திரியே கெடையாது. வடக்கே அவ்வளவு தூரம் போயிருக்கு. அங்கதான் குஞ்சு பொரிச்சிருக்கும்" என்றாள் நிவேதா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

முருகையன் குனிந்து அந்தக் கோட்டை விரலால் காட்டினார். "அப்ப ஒரு வருசமா அதக் கால்லயே சொமந்துக்கிட்டு இருந்துச்சா?" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப லேசுதான்..." என்றாள் நிவேதா.

"லேசுதான். ஆனா என்னக் கேட்டா கட்டினீங்கன்னு அதுக்குக் கேக்கத் தெரியாதுல்ல." கோபமாகச் சொல்லவில்லை, எலி எந்தப் பக்கம் வரும் என்று சொல்கிற அதே குரல். கலா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பன்னிரண்டு வருடமாக நான் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறேன். இந்தக் கேள்விக்குக் கைவசம் பத்துப் பதில் உண்டு. காடு, குளம், பாதுகாப்பு என்று அடுக்கியிருக்கலாம். அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஊருக்கு ரயில். அதற்கு முன்னால் விடியற்காலையில் கடைசியாக ஒரு முறை வலை. நிவேதா இந்த வருடத்துக்கென்று பச்சைப் பட்டையில் ஐந்து புதுக் கருவிகள் வைத்திருந்தாள். மூன்றைச் செவ்வாய்க்கிழமை சிக்கிய பறவைகளுக்கு மாட்டியிருந்தோம், மீதி இரண்டு. முருகையன் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர், போகிற வழியில் கிட்டிக் கட்டை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, வலைக் கம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பிடித்துக்கொண்டார்.

வெளிச்சம் வருவதற்குள் இரண்டு மாட்டின. ஒன்றை எடுத்து நிவேதாவிடம் கொடுத்தேன். அவள் வரப்பில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி டார்ச் வெளிச்சத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதைச் சிக்கெடுத்துக் கையில் வாங்கினேன். கட்டைவிரலுக்கு அடியில் அதன் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. வலது றெக்கையின் ஓரத்தில் மூன்று இறகு ஒடிந்திருந்தது. இடது காலில், முட்டிக்கு மேலே, தோல் வெளுத்து ஒரு வளையம் போட்டாற்போலத் தேய்ந்திருந்தது. வருடக்கணக்கில் மோதிரம் போட்டுக் கழற்றிய விரலில் இருக்குமே, அந்த மாதிரி.

நிமிர்ந்து பார்த்தேன். முருகையனும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது என்னக்கா? கொண்டு வாங்க, கருவி ரெடி" என்று நிவேதா திரும்பிப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

விரலைத் திறந்தேன். ஒரு நொடி உள்ளங்கையிலேயே நின்றது. பிறகு தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து, மூலைத் துண்டில் மற்ற நாற்பதோடு போய் இறங்கியது. அடுத்த நிமிடம் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

"கை நழுவிடுச்சும்மா" என்றேன்.

"ஈரக் கை. நழுவத்தான் செய்யும்" என்றார் முருகையன், கம்பைப் பிடுங்கிக்கொண்டே.

நிவேதா நோட்டில் 'ஒன்று தப்பியது' என்று எழுதிக்கொண்டாள். அதற்கு முன்னால் என் கையிலிருந்து ஒரு பறவைகூட நழுவியதில்லை.